கயல் படிக்கும் மந்திரவாதிக் கதை: வீட்டுக் குழுவில் பேசியது

சனிக்கிழமை மாலை

கயல்: அத்தை, நீங்கள் கொடுத்த ‘எ விசார்ட் ஆஃப் எர்த்சீ’ ஆரம்பித்துவிட்டேன். முதல் அத்தியாயத்தில் ஆடுகள் வருகிற இடம் சூப்பர்.

தாத்தா: என்ன ஆடு? எனக்கும் சொல்.

கயல்: காண்ட் என்று ஒரு மலைத்தீவு, தாத்தா. அங்கே அம்மா இல்லாத ஒரு பையன், டூனி. ஆடு மேய்க்கிறான். அவன் சித்தி ஊர் மந்திரக்காரி. குடிசைக் கூரையில் ஏறிய ஆட்டை இறக்க அவள் சொன்ன மந்திரத்தைக் காதில் வாங்கிக்கொண்டு, மறுநாள் மலையில் தன் ஆடுகளிடம் சொல்லிப் பார்க்கிறான். எல்லா ஆடும் சத்தமே போடாமல் வந்து அவனை நெருக்கி நிற்கின்றன. விலகிப் போகச் சொல்ல அவனுக்குத் தெரியாது. பயந்து ஓடுகிறான், அத்தனை ஆடும் அவனோடு ஒட்டிக்கொண்டே ஊருக்குள் ஓடி வருகின்றன.

தாத்தா: கூப்பிடத் தெரிந்தது, விடத் தெரியவில்லை. நல்ல தொடக்கம்.

மீனா அத்தை: அப்பா, நீங்கள் கதையின் முடிச்சையே பிடித்துவிட்டீர்கள். பிற்பாடு அவன் மாட்டிக்கொள்வதும் இதே மாதிரிதான். அப்போது வருவது ஆடு இல்லை.

செந்தில் சித்தப்பா: மந்திரப் பள்ளிக்கூடக் கதைதானே அக்கா? அந்த மாதிரி நிறைய வந்துவிட்டதே.

மீனா அத்தை: செந்தில், இது 1968இல் வந்த புத்தகம். உர்சுலா கே. லெ குவின் எழுதியது. பெர்க்லியில் இருந்த ஒரு சின்னப் பதிப்பாளர், பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு ஒன்று எழுதித் தாருங்கள் என்று கேட்டார். அதுவரை அந்த வயதுக்கு அவர் எழுதியதில்லை. கதைகளில் வருகிற மந்திரவாதிகள் எல்லாம் வெள்ளைத் தாடிக் கிழவர்களாகவே இருக்கிறார்களே, இவர்கள் பதினைந்து வயதில் எப்படி இருந்திருப்பார்கள், எங்கே போய்ப் படித்திருப்பார்கள் என்று யோசித்திருக்கிறார். அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான் ரோக் தீவும் அதிலுள்ள பள்ளியும். எழுதுவதற்கு முன்னால் பெரிய தாளில் தீவுகளின் வரைபடத்தைப் போட்டுக்கொண்டாராம்.

அம்மா: அண்ணி, இவள் சாப்பிடும்போதும் அந்த வரைபடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கயல்: அத்தை, ஒரு சந்தேகம். பள்ளியில் புத்தக அறிமுகம் செய்ய வேண்டும், கூடவே ஒரு படமும் வரைய வேண்டும். நெட்டில் தேடினால் சில அட்டைகளில் அவன் வெள்ளையாக இருக்கிறான். புத்தகத்தில் அவன் செம்பழுப்பு நிறம். அவன் நண்பன் வெட்ச் இன்னும் கருப்பு. எதை நம்புவது?

மீனா அத்தை: புத்தகத்தை நம்பு. அந்தத் தீவுக்கூட்டத்தில் பெரும்பாலோர் பழுப்பும் கருப்பும்தான். வெள்ளைத் தோல்காரர்கள் கிழக்கே இருக்கிற கார்க் நாட்டவர். முதல் அத்தியாயத்தில் ஊரைக் கொள்ளையடிக்கக் கப்பலில் வருகிறார்களே, அவர்கள். லெ குவின் இதை முதலிலிருந்தே வேண்டுமென்று செய்தார். ஆனால் தம்பட்டம் அடிக்கவில்லை. போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். நீ அதைப் படிப்பதற்குள் அந்தப் பையனோடு ஒன்றிப்போயிருப்பாய்.

முதல் பதிப்பின் அட்டையில் ரூத் ராபின்ஸ் வரைந்த முகம் தாமிர நிறம்தான். பிறகு வந்த பதிப்பாளர்கள் பலர் அதை வெளுக்கவைத்துவிட்டார்கள். 2004இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடராக எடுத்தபோது கெட்டாக ஒரு வெள்ளைக்காரப் பையனை நடிக்க வைத்தார்கள். (கெட் என்பது டூனியின் உண்மையான பெயர்.) லெ குவின் சும்மா இருக்கவில்லை, கண்டித்துக் கட்டுரையே எழுதினார். அப்போது அவருக்கு 75 வயது.

கயல்: அம்மா, போன மாதம் கல்யாணத்தில் ஒருவர் என்னைப் பார்த்து, ‘கருப்பாக இருந்தாலும் களையான முகம்’ என்று சொன்னாரே, ஞாபகம் இருக்கிறதா? இந்தப் புத்தகத்தில் ஒருவர்கூட கெட் நிறத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அவன் பாட்டுக்கு இருக்கிறான்.

அம்மா: ஞாபகம் இருக்கிறது. நீ பந்திக்குப் போன பிறகு அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இனி என் பிள்ளையிடம் இப்படிப் பேசாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கயல்: ❤️

தாத்தா: நல்லது செய்தாய் சுதா.

கயல்: முடிவை மட்டும் யாரும் சொல்லக் கூடாது! இப்போதுதான் ஓகியன் வந்திருக்கிறார். மந்திரம் கற்றுத் தருவார் என்று பார்த்தால் மழையில் நனைந்துகொண்டே நடக்கிறார். மழையை நிறுத்தவே மாட்டேன் என்கிறார்.

மீனா அத்தை: அந்த மனிதர் பூகம்பத்தையே அடக்கியவர். மேலே படி.

மறு ஞாயிறு

கயல்: முடித்துவிட்டேன். நேற்று இரவு தூக்கமே வரவில்லை. தாத்தா, முடிவைச் சொல்லலாமா?

தாத்தா: தாராளமாகச் சொல். நான் படிக்கப் போவது சந்தேகம்.

கயல்: ரோக் பள்ளியில் ஜாஸ்பர் என்று ஒரு சீனியர். பணக்கார வீட்டுப் பையன். கெட்டைப் பார்த்தாலே மேய்ப்பன் என்று இளக்காரம். இவனுக்கு அது தாங்கவில்லை. ஒரு ராத்திரி, என்னால் செத்தவர்களையே கூப்பிட முடியும் என்று சவால் விட்டு, ஆயிரம் வருடத்துக்கு முன்னால் செத்துப்போன ஓர் அழகியை அழைக்கிறான். அவள் ஒரு நொடி தெரிகிறாள். அந்த இடைவெளி கிழிந்து கருப்பாக ஒன்று வெளியே குதித்து இவன் முகத்தைக் கிழித்துவிடுகிறது. அந்த வாசலை அடைக்கப் பள்ளித் தலைவர் தன் சக்தி முழுவதையும் கொடுத்துச் செத்துப்போகிறார். அந்த நிழல் வெளியே தப்பிவிடுகிறது. அப்புறம் புத்தகம் முழுக்க அது இவனைத் துரத்துகிறது.

தாத்தா: அதன் பெயரைத் தெரிந்துகொண்டால் கட்டிவிடலாம் இல்லையா? அந்த உலகத்து மந்திரம் எல்லாம் பெயரில்தானே இருக்கிறது.

கயல்: அங்கேதான் சிக்கல். புதுத் தலைவர் அதற்குப் பெயரே இல்லை என்கிறார். ஓகியன், பெயர் இல்லாதது எதுவும் இல்லை என்கிறார்.

மீனா அத்தை: நாகம் வருகிற இடத்தையும் சொல் கயல். எனக்கு மிகவும் பிடித்தது அது.

கயல்: நீங்களே சொல்லுங்கள் அத்தை.

மீனா அத்தை: சரி. பெண்டோர் தீவில் ஒரு கிழட்டு நாகம். கெட் காவலிருக்கிற ஏழைத் தீவுகளுக்கு அதனாலும் அதன் குட்டிகளாலும் ஆபத்து. இவன் தனியாகப் படகில் போகிறான். பழைய நூல்களில் படித்ததை வைத்து அதன் உண்மையான பெயரை ஊகித்துவிட்டான். யெவாட் என்று கூப்பிட்டதும் நாகம் அசைய முடியாமல் போகிறது. அப்போது அது பேரம் பேசுகிறது: உன்னைத் துரத்துகிற நிழலின் பெயரை நான் சொல்கிறேன், என்னை விட்டுவிடு.

யோசித்துப் பாருங்கள். அவன் உயிர் அந்த ஒரு பெயரில்தான் தொங்குகிறது. வயதோ இருபதுகூட ஆகவில்லை. அவன் அதைக் கேட்கவில்லை. நீயும் உன் பிள்ளைகளும் இந்தத் தீவுகள் பக்கம் வரவே கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறான். ஜாஸ்பரிடம் வீம்புக்குச் சவால் விட்ட அதே பையன்தான். அவன் மாறிவிட்டான் என்று லெ குவின் ஒரு வார்த்தைகூட எழுதுவதில்லை.

செந்தில் சித்தப்பா: அப்புறம் நிழலை எப்படித்தான் கொல்கிறான்?

கயல்: கொல்வதே இல்லை சித்தப்பா! ஓகியன் சொல்கிறார், ஓடாதே, திரும்பி நின்று நீ அதைத் துரத்து. வெட்ச்சும் கூட வருகிறான். கிழக்கே கடைசித் தீவையும் தாண்டிப் போகிறார்கள். அங்கே கடல் மணலாகிவிடுகிறது. நிழல் எதிரே வருகிறது. அவன் அப்பா மாதிரி, ஜாஸ்பர் மாதிரி எல்லாம் முகம் மாறி மாறிக் கிட்டே வருகிறது. அவனும் நிழலும் ஒரே நேரத்தில் ஒரே பெயரைச் சொல்கிறார்கள். ‘கெட்’. அது இவனேதான். கைகளை நீட்டி அதைப் பிடித்துக்கொள்கிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா: சண்டையே இல்லாத கிளைமாக்ஸா. படிக்க வேண்டும் போலிருக்கிறது.

கயல்: என் அறிமுகத்தில், ‘உன்னை நீயே நேசி என்று சொல்லும் கதை’ என்று எழுதலாமா அத்தை?

மீனா அத்தை: எனக்கு அது போதாது என்று தோன்றுகிறது, கயல். நீ அழகு, நீ திறமைசாலி, உன்னை ஏற்றுக்கொள் என்று சொல்கிற புத்தகங்கள் நிறைய உண்டு, அவையும் தேவைதான். கெட் அப்படி எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. அவன் நிறமும் ஏழ்மையும் அவனுக்குக் குறையே இல்லை. அவனால் பார்க்க முடியாதது அவன் பொறாமையும் கர்வமும், அதனால் ஒரு பெரியவர் செத்ததும். அதையெல்லாம் யாரோ ஒரு பேய் செய்த மாதிரி விட்டு ஓடிக்கொண்டே இருந்தான். கடைசியில், இதுவும் நான்தான் என்று சொல்கிறான். ஒரு வரியை இதற்காக ஒதுக்கு. உன் வார்த்தையிலேயே எழுது.

கயல்: புரிகிறது. மாற்றி எழுதுகிறேன். ஆனால் ஒரு விஷயம் பிடிக்கவே இல்லை. ரோக்கில் ஒரு பெண்கூடப் படிக்கவில்லை. பெண்களின் மந்திரம் பலவீனமானது, கெட்டது என்று காண்ட் ஊரில் பழமொழி வேறு.

அம்மா: சரியான கேள்வி. நானும் அதைப் பார்த்தேன். இவள் தூங்கிய பிறகு நானும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மீனா அத்தை: அந்தக் குறை உண்மைதான். அதையும் அறிமுகத்தில் எழுது, விட்டுவிடாதே. லெ குவினே அதை விடவில்லை. 1971இல் வந்த அடுத்த புத்தகம் முழுக்க டெனார் என்கிற பெண்ணின் பக்கத்திலிருந்து நடக்கிறது. 1990இல் திரும்பி வந்து ‘டெஹானு’ எழுதினார். அதில் கெட்டிடம் மந்திரமே மிச்சமில்லை. டெனார் ஒரு பண்ணை வீட்டில் வாழ்கிறாள், தீக்காயம் பட்ட ஒரு குழந்தையை வளர்க்கிறாள். தான் கட்டிய உலகத்தையே அவர் கேள்வி கேட்டது எனக்கு முதல் புத்தகத்தைவிடப் பெரிய விஷயம். ஆனால் அதை நீ இன்னும் கொஞ்சம் பெரியவளானதும் படி, கனமான கதை.

கயல்: டெனார் கதை என்ன?

மீனா அத்தை: கார்க் நாட்டுப் பெண். ஐந்து வயதில் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போய்க் கோயில் பூசாரியாக்கி, பெயரையும் பறித்துவிடுகிறார்கள். விளக்கே கூடாத நிலவறைப் பாதைகளைக் கையால் தடவித் தடவியே மனப்பாடம் செய்கிறாள். ஒருநாள் அங்கே ஒரு வெளிச்சம் தெரிகிறது.

கயல்: கெட்டா???

மீனா அத்தை: சொல்ல மாட்டேன்.

தாத்தா: மீனா, அதைக் கொண்டு வா. கயல் எனக்குப் படித்துத் தமிழில் சொல்லட்டும்.

கயல்: தினமும் ராத்திரி ஓர் அத்தியாயம், தாத்தா. டீல்.

செந்தில் சித்தப்பா: அப்படியென்றால் முதல் புத்தகம் இப்போது யாரிடம்? அடுத்து எனக்கு.

அம்மா: வரிசையில் வாருங்கள். நான் இன்னும் நாகத்திடமே போகவில்லை.

மீனா அத்தை: சுதா, வர்ற ஞாயிறு மதியம் வருகிறேன். டெனாரை எடுத்து வருகிறேன்.

அம்மா: சாப்பாட்டுக்கே வந்துவிடுங்கள் அண்ணி.