வெருலம் (தென்னாப்பிரிக்கா, டர்பன் அருகே) பக்கம் பழைய கரும்புத் தோட்டத்தில் 40 வீடு: எதிலிருந்து தொடங்குவது?

வெருலம்வாசி:
2.5 ஹெக்டேர், நல்ல சரிவு, கீழ்க்கோடியில் ஓடை. சொந்தக்காரர்கள் சேர்ந்து சூழலுக்குக் கேடில்லாத குடியிருப்பு கட்டலாம் என்று திட்டம். ஆனால் பேச்செல்லாம் சோலார் தகட்டிலேயே நிற்கிறது. சென்னையிலிருந்து ஒரு வீட்டு வரைபடமும் வந்திருக்கிறது. வாசல் கிழக்கே பார்க்க வேண்டும் என்கிறார்கள் பெரியவர்கள். மழைநீருக்கு வீட்டுக்கு 5,000 லிட்டர் தொட்டி போதுமா?

மண்வெட்டி:
சோலாரைக் கடைசியில்கூட ஏற்றிக்கொள்ளலாம். தண்ணீர் போகும் வழியை முதலில் பாருங்கள். நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் எட்டும் கோட்டை மனை வரைபடத்தில் காட்டியே ஆக வேண்டும் (1998 தேசிய நீர்ச் சட்டம், பிரிவு 144). ஓடைக்கு 32 மீட்டருக்குள் கட்டினால் சுற்றுச்சூழல் அனுமதியும் தேவைப்படலாம். இந்த இரண்டு கோடுகளையும் போட்டுவிட்டு, மிஞ்சும் நிலத்தில் எத்தனை வீடு என்று எண்ணுங்கள். 40 என்று முடிவு கட்டிவிட்டு நிலத்தை அதற்குள் திணிக்காதீர்கள்.

கரும்புக்காரர்கள் சம உயரத்தில் போட்ட வரப்பும் புல் வாய்க்காலும் இன்னும் இருந்தால் அவை பொக்கிஷம். புல்டோசர் வந்த அன்றே நிரவிவிடுவார்கள்; அடுத்த பெருமழையில் மேல்மண் ஓடையில் கிடக்கும். சாலையை வரப்பை ஒட்டியே ஓட்டுங்கள். வெட்டிய சரிவில் குறுக்கு வரிசையாக வெட்டிவேர் நடலாம். நாற்றுக்கு நாற்று 10 முதல் 15 செ.மீ. விடுங்கள்; அதற்கு மேல் இடைவெளி கூடினால் வேலி அடையாது, மண் நடுவில் புகுந்து இறங்கும். மண்வேலை மழை குறைந்த மே முதல் ஆகஸ்டுக்குள், பகுதி பகுதியாக.

நிழல்:
சென்னை வரைபடத்தை அப்படியே கட்டினால் வெயில் தலைகீழாகிவிடும். இங்கே சூரியன் வடக்கே. டர்பனில் நண்பகல் உயரம் ஜூனில் 37 பாகை, டிசம்பரில் 84. வடக்குச் சுவரில் 60 செ.மீ. இறவாரம் விட்டால் டிசம்பர் நண்பகலில் ஜன்னல் முழுக்க நிழல். ஜூனிலோ இறவாரத்துக்குக் கீழே 45 செ.மீ. மட்டும். மேற்கு ஜன்னலுக்கு இறவாரம் உதவாது, சாய்வெயில் அடியில் புகும். வாசல் கிழக்கே இருக்கட்டும், அதில் சண்டையில்லை. கூடம் வடக்கே பார்த்தால் போதும்.

வெந்நீர்த் தேவையில் பாதியாவது மின்சுருள் அல்லாத வழியில் வர வேண்டும் என்பது கட்டட விதி. அதனால் கூரையின் வடக்குச் சரிவில் முதல் இடம் வெந்நீர்த் தகட்டுக்கு. நிலம் எந்தப் பக்கம் சரிகிறது?

குழாய்க்காரன்:
120 ச.மீ. கூரையில் 50 மி.மீ. மழை என்றால் 6,000 லிட்டர். நிறைந்த தொட்டி வெள்ளத்தில் ஒரு சொட்டும் பிடிக்காது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி மாதக்கணக்கில் குழாய் வறண்டதே, அதையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு தொட்டி வேண்டும். முதலாவது சேமிக்க. அதன் வழிவு இரண்டாவதில் விழ, அதன் அடியில் 20 மி.மீ. துளை, 5,000 லிட்டர் சுமார் இரண்டரை மணி நேரத்தில் வடியும். துளைக்கு வலை போடாவிட்டால் இலை அடைத்து, அதுவும் நிறைந்த தொட்டிதான்.

முதல் மழையில் கூரை அழுக்கோடு வரும் 60 லிட்டரையாவது தொட்டிக்குப் போகாமல் ஒதுக்குங்கள். அதைப் பிடிக்க நிறுத்தும் 110 மி.மீ. குழாய் மீட்டருக்கு 9 லிட்டர்தான் கொள்ளும்; ஒரு மீட்டர் வைத்துவிட்டு அழுக்குத் தண்ணீர் என்று புலம்புகிறார்கள்.

கழிவுநீருக்கு நகராட்சிக் குழாய் எட்டினால் வேறு யோசனையே வேண்டாம். சொந்தச் சுத்திகரிப்பில் மின்வெட்டு நீண்டு, கழிவுநீருக்குள் காற்றை ஊதும் கருவி நின்றால் நாற்றம்தான்.

வெருலம்வாசி:
சரிவு மேற்கே பார்த்து, ஐயா.

நிழல்:
அப்படியானால் மண்வெட்டி சொன்ன சாலை வடக்கு தெற்காக ஓடும். மனையின் குறுகிய பக்கம் சாலையைப் பார்க்கட்டும். வீடு கிழக்கு மேற்காக நீளும். வடக்கே உள்ள அடுத்த வீடு ஜூன் வெயிலை மறைக்காத அளவுக்கு இடைவெளி விடுங்கள்: 3 மீட்டர் சுவருக்கு 4 மீட்டர்.