ஃபிஸ்டுலா கையில ஒரே இடத்துலயே குத்தச் சொல்றாரு, என்ன பண்றது?

புதுநர்ஸ்:
டயாலிசிஸ் யூனிட்ல சேர்ந்து நாலு மாசம் ஆகுது. ஒரு ஐயா வாரத்துக்கு 3 நாள் வர்றாரு, கையில ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக தமனியையும் சிரையையும் ஆபரேஷன்ல இணைச்சது) இருக்கு, "அங்கயே குத்தும்மா, அங்கதான் வலி தெரியாது"ன்னு ரெண்டு இடத்தை காட்டுவாரு, எல்லாரும் அங்கயே குத்திக் குத்தி இப்ப ரெண்டும் கோலிகுண்டு மாதிரி புடைச்சு நிக்குது, மேல தோல் மெலிஞ்சு பளபளன்னு இருக்கு. போன வாரம் கொஞ்சம் தள்ளிக் குத்தினேன், நீடில் ரத்த நரம்பைத் தாண்டிப் போய் கை வீங்கிடுச்சு. அவரு ஒண்ணும் சொல்லல, ஆனா எனக்கு அன்னைக்கு தூக்கமே இல்ல. இதைத்தான் பட்டன்ஹோல்னு சொல்றாங்களா?

பழைய அக்கா:
இல்லம்மா, இது பட்டன்ஹோலே கிடையாது. பட்டன்ஹோல்னா அதே துளை, அதே கோணம், அதே ஆழம், பாதை உருவாகுற வரைக்கும் முடிஞ்சா ஒரே ஆளே குத்தணும், அப்புறம் மழுங்கின நீடில். துளை மேல காஞ்சிருக்கிற பொருக்கை சுத்தமா எடுக்கலன்னா இன்ஃபெக்‌ஷன் ரத்தத்துக்கே போயிடும். உங்க யூனிட்ல நடக்குறது சும்மா ஒரு வட்டத்துக்குள்ள மாத்தி மாத்தி குத்துறது, அதுலதான் நரம்புச் சுவர் தளர்ந்து புடைக்கும். தோல் பளபளன்னு மெலிஞ்சிருக்குன்னு சொன்ன பாரு, அதுதான் எனக்கு பயம், அங்க இனி நீடில் வைக்கவே வைக்காத, டாக்டர்கிட்ட இன்னைக்கே காட்டு. அது வெடிச்சா உயிருக்கே ஆபத்து. மத்த இடத்துல ஏணிப்படி மாதிரி ஏறிக்கிட்டே போ, போன தடவை குத்தின இடத்துல இருந்து அரை சென்டிமீட்டராவது தள்ளி. புது இடத்துக்கு 17 கேஜ் மெல்லிசு நீடில் போதும், ரத்தத்தை இழுக்குற பம்ப் ஸ்பீடும் கொஞ்சம் கம்மியா வை. கையை படமா வரைஞ்சு சார்ட்ல ஒட்டிடு, அடுத்த ஷிஃப்ட்காரங்களுக்கு தெரியும்.

டெக்னீஷியன் தம்பி:
அக்கா சொன்னதோட ஒண்ணு. நீடில் குத்தறதுக்கு முன்னாடி கையை தொட்டுப் பாருங்க, ஸ்டெத் வச்சு கேளுங்க. த்ரில், அதாவது ரத்தம் ஓடுறது கைக்கு மெதுவா அதிர்ற மாதிரி இருக்கணும், அது போய் டொக் டொக்னு துடிப்பு மட்டும் இருந்தா மேல எங்கயோ அடைப்பு. கையை தலைக்கு மேல தூக்கச் சொல்லுங்க, நல்ல ஃபிஸ்டுலா அமுங்கிடும், அமுங்காம நின்னா சந்தேகப்படணும். வீனஸ் பிரஷர் (மெஷின்ல இருந்து ரத்தம் உடம்புக்குத் திரும்புற பக்கத்து அழுத்தம்) வாரா வாரம் ஏறுதா, நீடில் எடுத்தப்புறம் 20 நிமிஷம் அழுத்தியும் ரத்தம் நிக்கலையா, இதையும் பாருங்க. அடைப்பு இருந்தா நீங்க எவ்வளவு இடம் மாத்தினாலும் புடைப்பு குறையாது.

கை வீங்குறது எல்லாருக்கும் நடந்திருக்கு, மனசுல வச்சுக்காதீங்க. ஹெப்பரின் (ரத்தம் உறையாம இருக்கிற மருந்து) போடறதுக்கு முன்னாடின்னா நீடிலை எடுத்துட்டு அழுத்துங்க, ஐஸ் வைங்க, அந்த இடத்துக்கு ஓய்வு கொடுங்க.

ஆறு வருஷ பேஷண்ட்:
நான் நர்ஸ் இல்ல, அந்த ஐயா மாதிரி படுத்துக் கிடக்கிறவன். புது இடம்னா உயிர் போற மாதிரி வலிக்கும்மா, அதான் அவர் கேக்குறாரு. மரத்துப் போற கிரீம் இருக்கு, டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக் கொடுங்க, ஒரு மணி நேரம் முன்னாடி தடவிட்டு வந்தா எனக்கு பாதி வலி கூட இல்ல. குத்துறதுக்கு முன்னாடி நல்லா கழுவிடணும். வீட்ல ரத்தம் பீச்சினா துண்டை சுத்தக் கூடாது, விரலால அந்தப் புள்ளியிலேயே அழுத்திக்கிட்டு ஆம்புலன்ஸ் கூப்பிடணும்னு அவருக்கும் வீட்டாருக்கும் சொல்லி வைங்க. எனக்கு அதை யாரும் சொல்லல.

புதுநர்ஸ்:
இன்னைக்கு கையை தூக்கச் சொன்னேன், அமுங்கவே இல்ல. டாக்டர் பாத்துட்டு உடனே டாப்ளர் (ரத்த ஓட்டத்தைப் பாக்குற ஸ்கேன்) எழுதிட்டாரு, சர்ஜனுக்கும் சொல்லிட்டாரு. படம் வரைஞ்சு ஒட்டிட்டேன் அக்கா, கிரீமும் கேட்டு எழுதி வாங்கிட்டேன்.