தேன்கனிக்கோட்டை, எங்கள் தெருக் குழு: மர ஊமத்தைக்கு என்ன செய்வது?

கோமதி: எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வாசலில் இருக்கிற மர ஊமத்தை, அதான் தலைகீழாகத் தொங்குகிற மஞ்சள் எக்காளப் பூச்செடி, கொஞ்ச நாளாகச் சோர்ந்து நிற்கிறது. இலை வெளிறிப்போய், தூசி படிந்த மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கிறது. மொட்டும் உதிர்கிறது. மாசியில் கொத்துக் கொத்தாகப் பூத்த செடி.

கோமதி: (படம்) (படம்)

கோமதி: பக்கத்துச் செம்பருத்தியில் வேறு பஞ்சு ஒட்டிய மாதிரி வெள்ளையாக ஏதோ இருக்கிறது. அதுவும் இதற்குப் பரவுமா?

வேடியப்பன்: இன்று ஒகேனக்கல் தண்ணீர் வருமா, யாருக்காவது தெரியுமா?

மாது: அக்கா, பூச்சிதான் அது. கடையில் நல்ல மருந்து இருக்கிறது, லிட்டருக்கு அரை மில்லி போதும். சாயங்காலம் நானே டேங்க் கொண்டுவந்து அடித்துத் தருகிறேன்.

முனிராஜ்: மாது, கொஞ்சம் பொறு. கோமதி வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் என் மல்பெரித் தோட்டம் இருக்கிறது. பட்டுப்புழுக்கள் நாலாவது தோல் உரித்து எழுந்திருக்கின்றன. ராத்திரி பகல் பார்க்காமல் தழை வெட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறோம். காற்றும் இப்போது எங்கள் பக்கம்தான் அடிக்கிறது.

முனிராஜ்: ஒரு பட்டுப்புழு வாழ்நாள் முழுக்கத் தின்கிற தழையில் 80 சதவீதத்துக்கு மேல் இந்தக் கடைசிப் பருவத்தில்தான் தின்னும். மருந்து பட்ட தழை இப்போது உள்ளே போனால் கூடு கட்டாமலே செத்துவிடும். இதுவரை போட்ட கூலி, தழை எல்லாம் போய்விடும்.

கோமதி: அண்ணா, எதுவும் அடிக்கவில்லை. உங்களை எல்லாம் கேட்காமல் அடிக்கவும் மாட்டேன்.

மாது: சரிங்கண்ணா, நானும் அடிக்கவில்லை. அப்போ இயற்கை மருந்து அடிக்கலாமா? புழுவைக் கொல்கிற பிடி (Bt) பாக்டீரியா இருக்கிறது, பூச்சியைக் கொல்கிற பெவேரியா பூஞ்சாணம் இருக்கிறது. ரசாயனமே கிடையாது.

முனிராஜ்: அது இரண்டும் வேண்டவே வேண்டாம் தம்பி. ரசாயனத்தை விட எனக்கு அதுதான் பயம்.

சிவகாமி டீச்சர்: முனிராஜ் சொல்வது ரொம்பச் சரி. மாது, நீ சொன்ன பிடி பாக்டீரியாவை முதலில் கண்டுபிடித்ததே பட்டுப்புழுவில்தான். 1901இல் ஜப்பானில், கூட்டம் கூட்டமாகச் செத்த பட்டுப்புழுக்களில் இருந்து எடுத்தார்கள். பெவேரியா கதையும் இதே மாதிரிதான். இத்தாலியில் அகோஸ்டினோ பாசி என்பவர் 1835இல், பட்டுப்புழுவுக்கு வருகிற சுண்ணாம்புக்கட்டு நோய்க்கு ஒரு பூஞ்சாணம்தான் காரணம் என்று காட்டினார். அந்தப் பூஞ்சாணத்துக்கு பெவேரியா பாசியானா என்று அவர் பெயரையே வைத்தார்கள். அதைத்தான் இன்று பாக்கெட்டில் விற்கிறார்கள்.

சிவகாமி டீச்சர்: கத்தரித் தோட்டத்தில், தென்னந்தோப்பில் அவை நல்ல பொருள்கள்தான். பட்டு வளர்க்கிற தெருவில் ‘இயற்கை’ என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து எதையும் தெளிக்கக் கூடாது. புகையிலைக் கஷாயமும் அப்படித்தான், பட்டுப்புழுவுக்குக் கொடிய விஷம். வேப்பெண்ணெய் பட்ட தழையும் ஆகாது.

மாது: டீச்சர், இது எனக்குத் தெரியாது. கடையில் கேட்டு வருகிறவர்களிடம் இனி பக்கத்தில் மல்பெரி இருக்கிறதா என்று கேட்கிறேன்.

முனிராஜ்: அந்த ஒரு கேள்வி போதும் தம்பி. ரொம்ப நன்றி.

ரிஹானா: அப்போ கோமதி செடியை என்னதான் செய்வது? அந்தப் பூ சாயங்காலம் மணக்கும்போது எங்கள் திண்ணை வரைக்கும் வரும். அது பட்டுப்போகக் கூடாது.

சிவகாமி டீச்சர்: முதலில் என்ன வந்திருக்கிறது என்று பார்க்கலாம். கோமதி, ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்து இலையைத் தட்டு. விழுவதைக் கொஞ்ச நேரம் பார். இலையின் அடிப்பக்கத்தில் நூலாம்படை மாதிரி ஏதாவது இருக்கிறதா என்றும் பார்.

கோமதி: இருங்க டீச்சர்.

கோமதி: தாளில் மிளகாய்ப்பொடியை விடச் சின்னதாகப் புள்ளிகள் விழுந்தன. ஊர்கின்றன. இலைக்கு அடியில் நரம்பு ஓரமாக மெல்லிய வலை இருக்கிறது. (படம்)

சிவகாமி டீச்சர்: சிலந்திப்பேன். சந்தேகமே வேண்டாம். இதற்கு எட்டுக் கால், சிலந்தி வகை. பூச்சி இனமே இல்லை. அதனால் மாது சொன்ன மாதிரி பூச்சி மருந்து அடித்திருந்தால் பலன் கிடைத்திருக்காது, சில மருந்துக்கு இன்னும் பெருகியிருக்கும். பேனைத் தின்கிற நல்ல பேன்களும் பொறிவண்டுகளும் முதலில் செத்துவிடும், இது மட்டும் தங்கிவிடும்.

சிவகாமி டீச்சர்: வெயிலும் வறட்சியும் சேர்ந்தால் இதற்குக் கொண்டாட்டம். நல்ல வெயிலில் முட்டையில் இருந்து வளர்ந்த பேனாக ஒரு வாரம், பத்து நாள் போதும். நம் ஊர் குளிர்ச்சி என்று பெயர், பங்குனியில் மதில் ஓரம் எல்லாம் அனலாகத்தான் இருக்கிறது. மர ஊமத்தை தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைப் பக்கத்துச் செடி. ஈரமும் குளிர்ச்சியும் கேட்கும். இலை பெரிது, தண்ணீர் ரொம்பக் குடிக்கும். வேர் காய்ந்தால் செடி சோரும், சோர்ந்த செடியில் பேன் சீக்கிரம் பெருகும்.

கோமதி: மருந்தே இல்லாமல் போகுமா டீச்சர்?

சிவகாமி டீச்சர்: தண்ணீர்தான் மருந்து. ஹோஸ் வாயைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்து, இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துப் பீய்ச்ச வேண்டும். மேலே ஊற்றிப் பயன் இல்லை, அவை அடியில்தான் இருக்கின்றன. காலையில் செய், வெயிலில் இலை காய்ந்துவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை, மூன்று வாரம் விடாமல் செய்ய வேண்டும். முட்டை ஒட்டிக்கொண்டு தப்பிக்கும். அது பொரிந்து பெரிதாகி மறுபடி முட்டை வைப்பதற்குள் அடுத்த தண்ணீர் விழ வேண்டும். ரொம்ப வெளிறிய அடி இலைகளை முதலிலேயே கிள்ளிவிடு.

வேடியப்பன்: தண்ணீரே எப்போது வரும் என்று தெரியவில்லை, இதில் இரண்டு நாளுக்கு ஒருமுறை செடிக்குப் பீய்ச்சினால் எப்படி?

கோமதி: துணி அலசின கடைசித் தண்ணீர் ஆகுமா?

சிவகாமி டீச்சர்: அதைச் செடிக்கு வேண்டாம், சோப்பும் உப்பும் வேரில் தங்கும். ஹோஸ் இல்லாமலும் செய்யலாம். ஒரு குவளைத் தண்ணீரில் பழைய பனியன் துணியை நனைத்து ஒவ்வொரு இலையாக அடிப்பக்கம் துடைத்துவிடு. உன் செடி ஆள் உயரம்தானே. கை உறை கட்டாயம்.

ரிஹானா: ஆமாம், அது விஷச் செடி இல்லையா?

சிவகாமி டீச்சர்: இலை, பூ, விதை, சாறு எல்லாமே விஷம். நம் ஊமத்தைக்குச் சொந்தக்காரச் செடி, அதே ஸ்கோபோலமின், அட்ரோபின்தான். சாறு பட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் கண்மணி விரிந்து பார்வை மங்கும். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதே. கிள்ளின இலையை ஆடு மாட்டுக்கு எட்டாமல் குழியில் போட்டு மூடு. மறக்காதே.

கோமதி: சரி டீச்சர். பாப்பாவைப் பின் வாசலிலேயே விளையாட விடுகிறேன்.

ரிஹானா: டீச்சர், எங்கள் அல்லமண்டாப் பூச்செடியைத் தொட்டால் வெள்ளை ஈ புஸ்ஸென்று பறக்கிறது. அதற்கும் தண்ணீர்தானா?

சிவகாமி டீச்சர்: தண்ணீரும், மஞ்சள் அட்டையும். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவி, செடியின் நுனி உயரத்தில் கட்டு. வெள்ளை ஈ மஞ்சளைத் தேடி வந்து ஒட்டிக்கொள்ளும். தூசி படிந்ததும் துடைத்துவிட்டு மறுபடி தடவு. அல்லமண்டாப் பாலும் தோலில் பட்டால் அரிக்கும்.

மாது: எங்கள் கடையில் ஒட்டும் அட்டை இருக்கிறது அக்கா, எடுத்து வைக்கிறேன்.

முனிராஜ்: கோமதி, அந்தச் செம்பருத்திப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாவுப்பூச்சி. எனக்குச் செம்பருத்தியை விட அதுதான் கவலை.

முனிராஜ்: 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பப்பாளியோடு நிற்கவில்லை, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி எல்லாவற்றிலும் ஏறியது. குருத்து எல்லாம் சுருண்டு வெள்ளையாகிவிடும், புழுவுக்குத் தழை கிடைக்காது. என்ன மருந்து அடித்தாலும் மேலே இருக்கிற மெழுகு தாண்டி உள்ளே போகாது.

சிவகாமி டீச்சர்: அதை அடக்கியது மருந்து இல்லை, குளவி. 2010இல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து அசெரோபேகஸ் என்ற கண்ணுக்கே சரியாகத் தெரியாத குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். மாவுப்பூச்சிக்குள் முட்டை வைத்து உள்ளிருந்தே தின்றுவிடும். சில மாதத்தில் தோட்டங்கள் தேறின. அந்தக் குளவியின் வம்சம் இன்னும் நம் பக்கம் இருக்கும். கண்டபடி மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான்.

முனிராஜ்: அதனால்தான் சொல்கிறேன், அடிக்காமல் வெட்டிவிடலாம்.

கோமதி: முழுச் செடியுமா அண்ணா?

முனிராஜ்: வேண்டாம், வெள்ளை படிந்த கிளைகளை மட்டும். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் ஒன்று பார். மாவுப்பூச்சிக்கு நடுவில் அதை விடப் பெரிதாக, நீளமான வெள்ளை மெழுகு முடிகளோடு வேகமாக ஊர்கிற புழு இருக்கிறதா?

கோமதி: ஆமாம் அண்ணா! இரண்டு மூன்று இருக்கின்றன. இதுதான் தாய்ப்பூச்சி என்று நினைத்தேன்.

முனிராஜ்: அது கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் குஞ்சு. மாவுப்பூச்சியைத் தின்கிறது. பார்க்க மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும், அதனால் நிறையப் பேர் நசுக்கிவிடுகிறார்கள். அது இருக்கிற கிளையை இப்போது விட்டுவிடு. மற்றக் கிளைகளை வெட்டு.

சிவகாமி டீச்சர்: எறும்பையும் பார் கோமதி. மாவுப்பூச்சி விடுகிற தேனுக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், பொறிவண்டைத் துரத்தும். அடித்தண்டில் ஒரு சுற்று டேப் ஒட்டி, அதன் மேல் வாசலின் தடவிவிடு. எறும்பு ஏறாது.

ரிஹானா: விரல் நீளத்துக்கு வாலில் கொம்போடு ஒரு பச்சைப் புழு போன வருடம் என் மர ஊமத்தைக் கன்றையே மொட்டையடித்ததே, அது வந்தால்?

சிவகாமி டீச்சர்: அது பருந்து அந்துப்பூச்சியின் புழு. ஊமத்தை, கத்தரி, எள் எல்லாம் தின்னும். வளர்ந்தால் முதுகில் மண்டை ஓடு மாதிரி அடையாளம் இருக்கிற பெரிய அந்துப்பூச்சியாகும். கை உறையோடு எடுத்து ஏரிக்கரை ஊமத்தையில் விட்டுவிடு. பெரும்பாலும் செடிக்கு ஒன்றிரண்டுதான் இருக்கும், அதற்கு மருந்து எதற்கு?

கோமதி: தண்ணீர் பீய்ச்சியும் பேன் அடங்காவிட்டால்?

சிவகாமி டீச்சர்: அப்போது நனையும் கந்தகத் தூள், லிட்டருக்கு 2 கிராம். பேனுக்குக் கேட்கும். வெயில் இறங்கிய பிறகுதான் அடிக்க வேண்டும், சூட்டில் அடித்தால் இலை கருகும். ஆனால் முனிராஜ் கூடு எடுக்கிற வரைக்கும் அந்தப் பேச்சே வேண்டாம்.

முனிராஜ்: கூட்டைத் தருமபுரி மார்க்கெட்டுக்கு ஏற்றிவிட்டுத் தோட்டத்தைக் கவாத்து செய்வேன். நானே இந்தக் குழுவில் போடுகிறேன். அப்போது தேவைப்பட்டால் அடித்துக்கொள்ளலாம், பக்கத்தில் நான் நிற்கிறேன்.

கோமதி: சரி அண்ணா. வெட்டின செம்பருத்திக் கிளையை எங்கே போடுவது? குப்பை வண்டிக்காரர் நாளைதான் வருவார்.

முனிராஜ்: திறந்து வைக்காதே, காற்றில் பறந்து தோட்டத்துக்கு வந்துவிடும். கறுப்புப் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, மாடியில் நல்ல வெயிலில் இரண்டு நாள் வை. உள்ளேயே வெந்துவிடும்.

மாது: பெரிய பை கடையில் இருக்கிறது அக்கா. போகிற வழிதானே, ஆறு மணிக்குக் கொண்டுவந்து தருகிறேன்.

வேடியப்பன்: தண்ணீர் வந்துவிட்டது. எல்லோரும் பிடித்துக்கொள்ளுங்கள்.