புதுப்பிப்பு: கேமரன் மலைக் குளிரும் டயர் காற்றும்

குடும்பத்தோடு மலேசியாவின் கேமரன் மலைக்குக் காரில் போகிறோம், குளிருக்காக டயரில் காற்றைக் கூட்டி அடிக்க வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா? போய் வந்தாயிற்று. தேவைப்படவில்லை.

வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் டயர் அழுத்தம் ஒன்றரை முதல் 2 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) குறையும் என்று இங்கே நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் நாங்கள் போன மலையூரான தானா ராத்தா, கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. டயருக்கு உள்ளும் வெளியும் உள்ள வித்தியாசத்தைத்தான் காற்றழுத்தமானி காட்டும். அதனால் குளிர் இறக்கியதை உயரம் கிட்டத்தட்ட ஈடுகட்டிவிட்டது. சிங்கப்பூரில், ஈசூனில் முன்டயர்களுக்கு 33 அடித்தேன். மேலே விடிகாலையில், வண்டியை எடுக்குமுன் பார்த்தபோதும் 33-ஐ ஒட்டியே நின்றது.

உண்மையில் கவனிக்க வேண்டியது சுமை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் முழுச் சுமைக்குத் தனி அளவு போட்டிருக்கிறது. பின்டயர்களுக்கு அதையே வைத்தேன் (அத்தையின் பாத்திர மூட்டையும் சுமைதானே). அப்புறம், நெடுஞ்சாலையில் ஓடிச் சூடான டயர் 4, 5 கூடக் காட்டினால் காற்றை இறக்கிவிடாதீர்கள். ஆறினால் தானே குறையும்.

டிசம்பரில் ஜப்பான், கொரியாவில் கார் எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே சமதளத்திலேயே குளிர். காலையில் பார்த்து அடிக்கத்தான் வேண்டும்.