டெப் கோப்பு: புள்ளியும் சாய்கோடும் வேணுமா, வேணாமா?

லயத்துப்பையன்:
சுங்கை சிப்புட் தோட்டத் தமிழ்ப்பள்ளிக் கணினிகளுக்குன்னு கிராணி அண்ணே நேத்து எழுதினது: "இறக்கின டெப் கோப்பை டிபிகேஜி மைனஸ் ஐ போட்டு ஏத்து, வேலை முடிஞ்சது." முடியாது அண்ணே. டெப்னா டெபியன், உபுண்டு லினக்ஸ்ல ஏத்துறதுக்கு மென்பொருளைக் கட்டி வெச்ச கோப்பு, அதாவது பேக்கேஜ். அதை ஏத்துற கட்டளை டிபிகேஜி; ஆனா அது சார்பு பேக்கேஜை, அதாவது அந்த மென்பொருள் ஓடத் தேவையான மத்த பேக்கேஜை, தேடிப் போகாது. கோப்பைப் பிரிச்சுப் போட்டுட்டு "டிபென்டன்சி ப்ராப்ளம்ஸ்"னு நின்னுடும். அப்புறம் டிபிகேஜி மைனஸ் எல் அடிச்சுப் பாருங்க. இடது ஓரத்துல ரெண்டு ஐ இருக்க வேண்டிய இடத்துல ஒரு ஐ, ஒரு யூ இருக்கும். பிரிச்சாச்சு, அமைக்கலன்னு அர்த்தம். சரியான வழி, சார்பையும் தேடி எடுக்கிற ஏபிடி கட்டளை: சூடோ ஏபிடி இன்ஸ்டால், ஒரு இடைவெளி, புள்ளி, சாய்கோடு, ஒட்டினாப்ல கோப்புப் பேர்.

கிராணி:
தம்பி, டிபிகேஜி 1994-லேருந்து இருக்கு. யூன்னு நின்னா ஏபிடி இன்ஸ்டால் மைனஸ் எஃப், ஒரே வரி, விட்டதெல்லாம் வந்து சேரும். புள்ளியாம், சாய்கோடாம்! பேரைக் கொடுத்தா போதும்லா.

லயத்துப்பையன்:
போதாது. சாய்கோடு இல்லாட்டி ஏபிடி அதைக் கோப்புன்னே எடுத்துக்காது. களஞ்சியத்துல அந்தப் பேர்ல பேக்கேஜ் தேடிட்டு "அனேபிள் டு லொகேட் பேக்கேஜ்"னு சொல்லும். முழுப்பாதை கொடுத்தாலும் சரி, அதுலயும் சாய்கோடு இருக்கு. உங்க மைனஸ் எஃப் இருக்கே, சார்பு எங்கயும் கிடைக்கலன்னா நீங்க ஏத்தினதையே கழற்றிடும். ஒய் தட்டுறதுக்கு முன்னாடி "ரிமூவ்" வரியைப் படிங்க.

பால்மரம்:
ரெண்டு பேரும் முதல்ல கோப்புப் பேரோட கடைசியைப் பாருங்க. எந்தச் செயலி வகைக்குன்னு அதுல இருக்கும்: ஏஆர்எம்64 கோப்பு ஏஎம்டி64 கணினியில சாதாரணமா ஓடாது. உபுண்டு 22.04-க்குக் கட்டினதை டெபியன் 11-ல போட்டா "அன்னோன் கம்ப்ரஷன்"னு டிபிகேஜி திறக்கவே மறுக்கும். இசட்எஸ்டி சுருக்கம் அதுக்குத் தெரியாது.

செந்தமிழ்:
பேக்கேஜ், பேக்கேஜ்! பொதி என்று எழுதக் கை வலிக்கிறதா? தமிழ்ப்பள்ளிக்குத்தானே எழுதுகிறீர்கள்?

லயத்துப்பையன்:
திரையில வர்றதைத்தான் பிள்ளைங்க படிக்கும். பொதின்னு தேடினா ஒண்ணும் கிடைக்காது.

செந்தமிழ்:
நீங்கள் எழுதாததால்தான் கிடைக்கவில்லை.

கிராணி:
அதை விடுங்க. தோட்டத்துக்குள்ள இணைய லைன் கிடையாது. ஏபிடி எங்க போய் இழுக்கும்? எல்லாக் கோப்பையும் பென் டிரைவ்ல போட்டு, டிபிகேஜி மைனஸ் ஐ நட்சத்திரம் புள்ளி டெப். தீர்ந்தது.

லயத்துப்பையன்:
புள்ளி சாய்கோடு நட்சத்திரம் புள்ளி டெப்னு ஏபிடிக்குக் கொடுங்க, லைன் இல்லாமலே ஏறும். ஒண்ணு குறைஞ்சா எதையும் தொடாம முன்னாடியே சொல்லிடும். டிபிகேஜி பாதி ஏத்திட்டுச் சொல்லும். கோப்பு சேர்க்கிறதுலயும் கவனம் வேணும்: டவுன்ல இருக்கிற கணினியில மைனஸ் மைனஸ் டவுன்லோட் மைனஸ் ஒன்லி போட்டா, அங்க ஏற்கெனவே இருக்கிற சார்பு இறங்காது. அதே பதிப்பு, புதுசா ஏத்தின கணினியில இறக்குங்க. வார், கேஷ், ஏபிடி, ஆர்கைவ்ஸ் அடைவுல இருக்கும்.

கிராணி:
உன் சாய்கோடு போட்டா கடைசியில "அன்சாண்ட்பாக்ஸ்ட்"னு பிழை வருதே, அதை ஏன் மறைக்கிற?

லயத்துப்பையன்:
அது பிழை இல்ல. வரி ஆரம்பத்துல "என்"ங்கிற ஆங்கில எழுத்து இருக்கும், வெறும் குறிப்பு. பிழைன்னா "ஈ" எழுத்து. வீட்டு அடைவை (ஹோம்) ஏபிடியோட தனிப் பயனர் படிக்க முடியலங்குது. பேக்கேஜ் ஏறியிருக்கும். கோப்பை டெம்ப் அடைவுக்கு மாத்திட்டா அதுவும் வராது.

பால்மரம்:
கோப்பு மாறலன்னு காட்டுற ஷா256 எண்ணை யாராவது சரிபார்த்தீங்களா? இறக்கின டெப் கோப்புக்கு ஏபிடியும் கையொப்பம் பார்க்காது.

கிராணி:
உன் ஏபிடி கடைசியில யாரைக் கூப்பிடுது? டிபிகேஜியைத்தான். நான் நேரா கூப்பிடுறேன். என் குறிப்பை மாத்த மாட்டேன்.

லயத்துப்பையன்:
கூப்பிடுது, சார்பையெல்லாம் சேர்த்த பிறகு. ஏபிடி 1.1-லயே வந்த வசதி, உபுண்டு 16.04-லயே இருக்கு. ரெண்டே எழுத்து அண்ணே. புள்ளி, சாய்கோடு.

செந்தமிழ்:
இன்னும் பேக்கேஜ்தான்.