புதுப்பிப்பு: நாவலில் படிக்கும் புதிய சொற்கள் மனத்தில் தங்குவதில்லை

நாவல்களில் எதிர்ப்படும் பழஞ்சொற்களைக் குறித்து வைத்தும் ஒரே வாரத்தில் மறந்துவிடுகிறேன் என்று இரண்டு மாதங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி.

முதலில் சொற்களை அட்டைகளில் எழுதி நாள்தோறும் புரட்டிப் பார்த்தேன். பத்து நாளில் சலித்துவிட்டது, அது என் சோம்பலன்றி அட்டைகளின் குற்றமன்று. கைகொடுத்தது 'பொய்ப்பொருள்' விளையாட்டு என்ற யோசனைதான். ஒருவர் சொல்லை மட்டும் வாசிக்க, மற்றவர்கள் நம்பும்படியான ஒரு பொய்ப் பொருளைத் துண்டுச்சீட்டில் எழுதித் தர, வாசித்தவர் அவற்றோடு அகராதிப் பொருளையும் கலந்து படிப்பார். உண்மையைக் கண்டுபிடிப்பவருக்கு ஒரு புள்ளி, தன் பொய்யால் பிறரை ஏமாற்றியவருக்கும் ஒரு புள்ளி. மூன்று பேருக்குக் குறைந்தால் விளையாட்டு சூடு பிடிப்பதில்லை.

எதிர்பாராத சிக்கல் ஒன்றும் நேர்ந்தது. 'குறளை' என்ற சொல்லுக்கு என் மகள் 'குட்டையான பானை' என்று எழுதினாள், எல்லோரும் ஏமாந்தோம். கோள் சொல்லுதல் என்பதே அதன் பொருள் என்று தெரிந்த பின்னும், மறுவாரம் எனக்கு நினைவுக்கு வந்தது பானைதான். ஆகவே இப்போது ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அச்சொல் வரும் வாக்கியத்தை நாவலிலிருந்தே உரக்கப் படிக்கிறோம். அதன் பின் இவ்வாறு குழம்பியது ஒரே ஒரு முறைதான்.

அகராதியில் தேடும்போது வேற்றுமை உருபை நீக்கிவிட்டுத் தேடுங்கள். 'கமுக்கமாக' என்று தேடிக் கிடைக்காதது 'கமுக்கம்' என்றதும் கிடைத்தது, 'ஆக' என்பதையும் அப்படியே கழற்றிவிட வேண்டும்.