பந்தல் ட்ரெய்லர் இழுக்க டி-மேக்ஸ்: 1.9 எடுக்கவா, 3.0 எடுக்கவா?

பீடோர் பந்தல்காரன்:

வணக்கம். மலேசியாவில், பீடோரில் பந்தல், நாற்காலி, மேசை வாடகைக்கு விடும் தொழில் எனக்கு. அப்பா காலத்தில் தோட்டத்துக் கல்யாணம் என்றால் மூங்கிலும் கீற்றும். இப்போது இரும்புக் குழாயும் வெள்ளைத் துணியும். வேலை பெரும்பாலும் சுங்காய், தாப்பா சுற்றுவட்டாரத் தோட்டங்களில். எல்லாம் சமதரை, பிரச்சினை இல்லை. வருடத்தில் ஏழெட்டு முறை கேமரன் மலை ஏற வேண்டும். ரிங்லெட் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் கோயில் திருவிழா, கல்யாணம்.

என் பழைய பிக்கப் போன மாதம் கைவிட்டுவிட்டது. (என்ன வண்டி என்று கேட்காதீர்கள். தப்பு வண்டியுடையதா என்னுடையதா என்று எனக்கே இன்னும் தெளிவாகவில்லை.) ரிங்லெட்டிலிருந்து சாமான் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். லாத்தா இஸ்கந்தர் அருவிக்கு இரண்டு வளைவு முன்னாலேயே கருகிய வாடை. முன்னால் போகிற லாரி என்றுதான் நினைத்தேன். அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தால், பிசைந்த ரொட்டி மாவில் கால் வைத்த மாதிரி உள்ளே போகிறது. கை பிரேக்கைப் பிடித்து, கியரைக் குறைத்து, எப்படியோ அருவிக் கடைகள் முன்னால் நிறுத்தினேன். பக்கத்தில் இருந்த என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கிப் போய் ஒரு கட்டு பெத்தாய்க் காய் வாங்கி வந்து பின்சீட்டில் போட்டு, "வேற வண்டி பாருங்க" என்றார். ஏற்கெனவே ஆட்டோ கியரும் வழுக்கிக்கொண்டிருந்தது. சரி, பார்த்தாயிற்று.

இரண்டு இசுசு டி-மேக்ஸ் பார்த்து வைத்திருக்கிறேன். விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று 2016, 3.0 லிட்டர் எஞ்சின், ஆட்டோ கியர். இன்னொன்று 2019, 1.9 எஞ்சின், மேனுவல். 3.0-க்கு 177 குதிரைசக்தி, 380 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. 1.9-க்கு 150, 350. முப்பதுதானே வித்தியாசம், புது வண்டியை எடுங்கள் என்கிறான் மகன். 2024 ஜூன் 10-ஆம் தேதி டீசல் லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியதிலிருந்து அவன் பேச்சுக்கு வீட்டில் மரியாதை கூடிவிட்டது. அரசாங்கம் தரும் டீசல் உதவிப் பணம் மாதம் பிறந்து பத்து நாளைக்குக் காணாது.

ட்ரெய்லர் எடை தெரியும். செம்பனை ஆலையில் எடைமேடைப் பையன் பழக்கம். கழற்றி, தனியாக ஏற்றிப் பார்த்தோம். 20 மேசை, 200 நாற்காலி, குழாய், துணி எல்லாம் சேர்த்து 1,340 கிலோ. எதை எடுக்கலாம்?

தாப்பா டீசல்:

தம்பி, இருபத்தாறு வருடமாக டீசல் எஞ்சின் பிரிக்கிறேன். முதலில் அந்த 350, 380 கணக்கை விடு. அந்த எண் 1.9-இல் எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 சுற்றுக்கு மேல் சுழன்றால்தான் வரும். 3.0-க்கும் அப்படித்தான். ஆனால் 59-ஆம் எண் சாலையில் கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்தால் நீ எத்தனை சுற்றில் இருப்பாய்? 1,100, 1,200. அப்போது டர்போ தூங்கும். அதை எழுப்பும்வரை வண்டியை இழுப்பது சிலிண்டரின் கொள்ளளவு மட்டும்தான். ஒன்று 2,999 சிசி, மற்றது 1,898 சிசி. ட்ரெய்லர் இல்லாமல் ஓட்டும்போது இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. சும்மா ஓட்டிப் பார்த்துவிட்டு ஒரு முடிவுக்கும் வராதே.

இறக்கத்திலும் அதே கதை. டீசல் எஞ்சினில், காலை எடுத்ததும் காற்றை அடைத்துப் பிடிக்கிற வேலை பெட்ரோல் எஞ்சினில் நடப்பது போல நடக்காது. அதனால் பிடிப்பு கொஞ்சம் குறைவுதான். கொள்ளளவு பெரிதாக இருந்து, கியரைத் தாழ வைத்தால்தான் ஓரளவு பிடிக்கும். ஆட்டோவாக இருந்தால் டி-யில் விட்டு இறங்காதே. கையால் இரண்டுக்கோ மூன்றுக்கோ மாற்றிவிடு. எஞ்சின் 3,000-இல் கத்தும், கத்தட்டும். ரிங்லெட் 1,000 மீட்டருக்கு மேல், தாப்பா கிட்டத்தட்ட கடல்மட்டம். அந்த உயரத்தை நீ பிரேக் சூட்டாக மாற்றித்தான் இறங்கியிருக்கிறாய்.

எஞ்சினைக் கேட்டாய், சொல்லிவிட்டேன், 3.0. ஆனால் நீ சொல்லாத ஒன்று இருக்கிறது. ட்ரெய்லரில் பிரேக் இருக்கிறதா? பிக்கப் கையேடுகளில் பிரேக் இல்லாத ட்ரெய்லருக்குப் பொதுவாக 750 கிலோதான் போட்டிருப்பார்கள். உன்னுடையது 1,340. பிரேக் இல்லையென்றால் 3.0 எடுத்தாலும் மறுபடி லாத்தா இஸ்கந்தரில் பெத்தாய்தான்.

நாற்காலிகளை எங்கே அடுக்குகிறாய் என்றும் சொல்.

சுங்கை சிப்புட் ஆட்டுக்காரன்:

அண்ணன் சொல்வதில் தப்பில்லை, ஆனாலும் 1.9-ஐ இவ்வளவு கீழே இறக்க வேண்டாம். நான் 1.9 மேனுவல்தான் வைத்திருக்கிறேன். ஆடு ஏற்றிய ட்ரெய்லர், 700 கிலோ வரும். ஈப்போ, கோலகங்சார் எல்லாம் போய் வருகிறேன். ட்ரெய்லர் இல்லாதபோது லிட்டருக்கு 12 கிலோமீட்டருக்குக் குறைந்ததில்லை. ஏற்றத்தில் கியரை முன்கூட்டியே குறைக்கப் பழகிவிட்டால் அழுகை இல்லை. வருடத்தில் ஏழு நாள் மலைக்காக மிச்ச 358 நாளும் பெரிய எஞ்சினுக்கு டீசல் ஊற்ற வேண்டுமா என்று யோசியுங்கள். ஆனால் 1,340 கிலோவோடு கேமரன் என்றால்... சரி, நானாக இருந்தால் நாற்காலியை இரண்டு நடையாக ஏற்றுவேன்.

உரமூட்டை:

எஞ்சினைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. தோட்டத்து ஆபீசில் 14 வருடம் வண்டிப் பொறுப்பு பார்த்தவன். கேட்பது ஒன்றுதான். அந்த 2016 வண்டி முன்பு யார் பெயரில் இருந்தது? தோட்டத்து வண்டியா?

தோட்டத்து வண்டி என்றால் உரம் ஏற்றியிருக்கும். பொட்டாஷ் உரம் உப்பின் தம்பி. மூட்டை கிழிந்து கொட்டும், மழை பெய்யும், அந்தத் தண்ணீர் பின்பெட்டி விரிப்புக்கு அடியில் தேங்கி, வண்டியின் அடிச்சட்டமான சேசிக்குள் இறங்கும். மேலே புது பெயின்ட் பளபளக்கும். பின்பெட்டியின் பிளாஸ்டிக் விரிப்பைத் தூக்கச் சொல்லுங்கள். விற்பவர் "அது கழறாது" என்றால் உடனே கிளம்பிவிடுங்கள். அப்புறம் படுத்துக்கொண்டு, பின்சக்கரத்துக்கு மேலே சேசி வளைகிற இடத்தையும், பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கிற கொக்கியையும் ஸ்குரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். டிங் என்றால் நல்லது. டொக் என்றால் உள்ளே பொரிந்திருக்கிறது. ட்ரெய்லர் கொக்கியின் பாரம் முழுவதும் தாங்குவது அந்த இடம்தான். பெயர் மாற்றத்துக்குப் புஸ்பாகோம் என்ற வாகனச் சோதனை நிலையத்தின் பி5 சோதனை இருக்கிறது, உண்மைதான். ஆனால் முன்பணம் கட்டிய பிறகு தெரிந்து என்ன பயன்?

ஆட்டோ கியர் எண்ணெய் எப்போது மாற்றினார்கள் என்றும் கேளுங்கள். கருகிய வாடை அடித்தால் அது உங்கள் பழைய வண்டியின் அண்ணன்.

பீடோர் பந்தல்காரன்:

எல்லாருக்கும் நன்றி. தாப்பா அண்ணே, ட்ரெய்லரில் பிரேக் கிடையாது. அப்பா காலத்து அச்சு, நான்தான் பெட்டியை நீட்டினேன். நாற்காலி எல்லாம் பின்னால்தான், இறக்கச் சுலபம் என்று.

உங்கள் கேள்வியைப் பார்த்துவிட்டு வீட்டுக் குளியலறை எடைக்கருவியைக் கொண்டுபோய்க் கொக்கியின் கீழே பலகை வைத்து நிறுத்துப் பார்த்தேன். 38 கிலோ. அப்படியென்றால் பாரம் முழுக்கப் பின்னால். நெடுஞ்சாலையில் 80 தாண்டினால் ட்ரெய்லர் வால் ஆட்டுவது இதனால்தானா?

தாப்பா டீசல்:

அதேதான். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் இருக்க வேண்டும், உனக்கு 130 கிலோ பக்கம். மேசையையும் குழாயையும் அச்சுக்குச் சற்று முன்னால் வை, நாற்காலி பின்னால் இருக்கலாம். 38-ஐ வைத்துக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறாய், உன் குலதெய்வம் நல்ல தெய்வம்.

பிரேக்குக்கு, வண்டி வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னால் தள்ளுமே, அந்தத் தள்ளலிலேயே அதன் பிரேக் பிடிக்கிற மாதிரிக் கொக்கி இருக்கிறது. வயர் தேவையில்லை. சாலைப் போக்குவரத்து இலாகா, அதான் ஜேபிஜே, அவர்களிடம் கேட்காமல் வெல்டரிடம் போகாதே.

பீடோர் பந்தல்காரன்:

ஜேபிஜே-க்குத் திங்கட்கிழமை போகிறேன். 3.0 தோட்டத்து வண்டி இல்லை, தெலுக் இந்தானில் ஒரு மளிகைக் கடைக்காரர் வண்டி. விரிப்பைத் தூக்கவும் சம்மதித்தார். அடியில் அரிசியும் ஒரு செத்த பல்லியும்தான். சேசி டிங் என்றது. கியர் எண்ணெய் பார்க்கப் பட்டறைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை ட்ரெய்லரை மாட்டி, மேசை மட்டும் ஏற்றி, தாப்பாவிலிருந்து லாத்தா இஸ்கந்தர் வரை ஏறி இறங்கிப் பார்க்கக் கேட்டேன். சரி என்றார், டீசல் என் செலவு. மனைவியும் வருகிறாராம்.